செண்டோசாவின் பேய் இரவுக்குப் போகும் மலைக்காரர்களுக்கு

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடையே உள்ள ஒரு தேயிலைத் தோட்ட டிஸ்பென்சரியில் முப்பத்தொரு ஆண்டுகள் நர்ஸாக இருந்தேன். மகள் திருமணமாகிச் சிங்கப்பூர் போன பிறகு, 2023இலும் 2024இலும் அக்டோபர் மாதத்தை அவள் வீட்டில் கழித்தேன். இரண்டு முறையும் செண்டோசா தீவில் இருக்கும் யூனிவர்சல் ஸ்டுடியோஸின் ஹாலோவீன் ஹாரர் நைட்ஸுக்குப் போய்வந்தேன். அதிலிருந்து ஒவ்வொரு புரட்டாசி, ஐப்பசியிலும் யாராவது ஒருவர் என்னிடம் வந்து கேட்கிறார்கள். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்து, படித்து, வெளிநாட்டில் வேலைக்குப் போன பிள்ளைகள் இப்போது தாய் தகப்பனை அங்கே அழைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் எடுத்து அனுப்பும் டிக்கெட்டுகளில் இதுவும் ஒன்றாக இருக்கிறது. "அக்கா, பேய் வீடாமே, போகலாமா? எப்படிப் போவது?" என்று கேட்பவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

முதலில் அது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். ஹாலோவீன் என்பது அக்டோபர் 31. கத்தோலிக்கர்கள் நவம்பர் 1ஐச் சகல புனிதர்கள் நாளாகவும், மறுநாளான 2ஐக் கல்லறைத் திருநாளாகவும் கொண்டாடுகிறார்கள் அல்லவா, அந்தப் புனிதர் நாளுக்கு முந்தைய இரவுதான் இது. நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் நவம்பர் 2 அன்று மெழுகுவத்தி ஏற்றிச் சாமந்தி வைத்துவிட்டு வருவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த உறவு எளிதில் பிடிபடும். மேலைநாட்டுக் கேளிக்கைப் பூங்காக்கள் அந்த இரவை ஒரு பருவமாகவே நீட்டிக்கொண்டன. கலிபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பூங்கா 1973இல் இந்த வழக்கத்தைத் தொடங்கியது. 1991இல் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் யூனிவர்சல் பூங்கா ஒரே ஒரு பேய் வீட்டுடன் மூன்று இரவுகள் நடத்திப் பார்த்தது. சிங்கப்பூரில் 2011இல் வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் 2020, 2021 இரண்டு ஆண்டுகள் நின்று, 2022இல் திரும்பவும் தொடங்கியது. செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை, குறிப்பிட்ட இரவுகளில் மட்டும் நடக்கும். பகலில் ராட்டினமும் பொம்மை ஊர்வலமுமாக இருக்கிற அதே பூங்கா, மாலையில் மூடப்பட்டு, இரவில் வேறு டிக்கெட்டுக்குத் திறக்கிறது. உள்ளே பல பேய் வீடுகள், திறந்தவெளியில் வேடமிட்ட நடிகர்கள் உலாவும் தெருக்கள், மேடை நிகழ்ச்சிகள் எல்லாம் உண்டு. நம் ஊர்ப் பொருட்காட்சியில் தகரக் கொட்டகைக்குள் எலும்புக்கூடு தொங்கவிட்டிருப்பார்களே, அதன் பரம்பரையில் வந்ததுதான். ஆனால் அளவும் வேலைப்பாடும் நாம் நினைத்துப் பார்க்க முடியாதவை.

டிக்கெட் எடுக்கும் முன்பு ஒரு வேலை இருக்கிறது. குடும்பத்தில் யாருக்கு இதில் விருப்பம், யாருக்கு இல்லை என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். எல்லாரும் கூடியிருக்கும்போது கேட்டால் உண்மையான பதில் வராது. இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் தங்கை மகள்.

அவளுக்கு ஒன்பது வயது இருக்கும்போது சமவெளியில் ஒரு பொருட்காட்சிக்குப் போயிருந்தோம். பேய் வீட்டு வாசலில் நின்று "வேண்டாம், வேண்டாம்" என்று அழுதாள். உறவினர் ஒருவர், பயத்தை இப்போதே போக்கிவிட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். வெளியே வந்தபோது குழந்தையின் உடம்பு விறைத்திருந்தது. அழுகை நின்றிருந்தது. நான் அதைப் பார்த்துத்தான் அஞ்சினேன். ஐந்து மாதம் அவள் விளக்கை அணைக்க விடவில்லை. பதினெட்டு வயதில் நர்சிங் கல்லூரியில் சேர்ந்த பிறகு, சிங்கப்பூர் பயணத்துக்கு என்னோடு வந்தவள், "பெரியம்மா, அந்தப் பேய் இரவுக்கு நானும் வருகிறேன். இந்த முறை என் காலால் நடந்து போகிறேன்" என்றாள். அவளை எப்படி அழைத்துப் போவது என்று யோசித்து யோசித்துக் கண்டதுதான் இந்தக் குறிப்புகளில் பெரும்பாலானவை.

காட்டெருமை எதிரே வந்தால் எப்படி நிற்க வேண்டும் என்று மலையில் யாரும் நமக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இரவில் பிரசவத்துக்கு அழைத்தால் டார்ச் எடுத்துக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடந்தவள் நான். 2009 நவம்பரில் நீலகிரியில் நிலம் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, அடுத்த மேடு எப்போது இறங்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். அந்தப் பயத்துக்கு வெளியேறும் கதவு கிடையாது. பேய் வீட்டுப் பயத்துக்கு உண்டு. கதவு இருக்கிறது, அதைத் திறக்கச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று உள்ளே போகிறவருக்கு நிச்சயமாகத் தெரிந்தால் பயம் இனிக்கும். தெரியாவிட்டால் அது வதை. அழைத்துப் போகிற பெரியவர்களின் முதல் பொறுப்பு, அந்தக் கதவை ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பது.

யார் போகக் கூடாது

பதினாறு வயதுக்கு மேற்பட்டோருக்கே இது ஏற்றது என்று நடத்துகிறவர்களே அறிவிக்கிறார்கள். "எங்கள் பையன் தைரியசாலி" என்று பத்து வயதுப் பிள்ளையை அழைத்துப் போகாதீர்கள். ரத்தம், சதை, அறுவை என்று எதையும் மறைக்காமல் காட்டுகிறார்கள். குழந்தைகளுக்குப் பகல் பூங்காவே போதும். அதுவே ஒரு முழு நாள் ஆகும்.

வலிப்பு நோய் உள்ளவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்கிறேன். பேய் வீடுகளில் ஸ்ட்ரோப் எனப்படும் வெட்டி வெட்டி மின்னும் விளக்கு இல்லாத இடம் குறைவு. வலிப்பு உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு அந்த மின்னலே வலிப்பைத் தூண்டிவிடும். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டு ஆண்டுக்கணக்கில் வராமல் இருந்தாலும், மருத்துவரிடம் கேட்காமல் போக வேண்டாம். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், அண்மையில் அறுவை செய்துகொண்டவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள் விலகியிருப்பது நல்லது. அதிர்ச்சியில் சிறுநீரகத்தின் மேலே இருக்கும் சுரப்பி அட்ரினலினைக் கொட்டுகிறது. இதயம் படபடவென்று அடித்து ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஆரோக்கியமான உடம்புக்கு அது சில நிமிடக் கிளர்ச்சி. அதனால்தான் அலறியவர்கள் வெளியே வந்ததும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பலவீனமான இதயத்துக்கு அது சுமை.

ஆஸ்துமா உள்ளவர்கள் போகலாம், ஆனால் இன்ஹேலர் சட்டைப் பையில் இருக்க வேண்டும். அங்கே வரும் மூட்டம் நம் குன்னூர் லாம்ப்ஸ் ராக் காட்சிமுனையில் ஏறிவரும் மூடுபனி அல்ல. நம்முடையது வெறும் நீர்த்துளி. இயந்திரத்தில் வருவது கிளைக்கால் அல்லது கிளிசரின் கலந்த நீரைச் சூடாக்கி ஊதுவது. லேசான தித்திப்பு வாசனை இருக்கும். பெரும்பாலோரை ஒன்றும் செய்யாது. இழுப்பு உள்ள நெஞ்சைச் சில சமயம் உறுத்தும்.

மருந்து பற்றிப் பேசும்போதே ஒன்று. தூக்க மாத்திரை, மனப்பதற்றத்துக்கான மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து ஆகியவற்றைச் சிங்கப்பூருக்குள் கொண்டுபோக முன்அனுமதி தேவைப்படலாம். பெட்டியில் போடுவதற்கு முன் மருத்துவரின் சீட்டை எடுத்துவைத்து, அந்த நாட்டு விதியைப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மலையிலிருந்து இறங்குவது

இந்த விழா நடக்கும் மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழை நம் மலையில் இறங்குகிறது. குன்னூர்–மேட்டுப்பாளையம் பாதையில் ஒரு மரம் சாய்ந்தாலும், பர்லியாறு பக்கம் ஒரு மண்மேடு சரிந்தாலும், விமானம் போய்விடும். மலை ரயிலை நம்பிக் கணக்குப் போடவே வேண்டாம். மழைக்காலத்தில் அது அடிக்கடி நிறுத்தப்படுகிறது. புறப்படுவதற்கு முந்தைய நாளே கீழே இறங்கி மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். குன்னூர் பாதை அடைபட்டால் கோத்தகிரி வழி இருக்கிறது என்பது டிரைவருக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு எல்லா வண்டிகளும் அந்த வழியில்தான் இருக்கும். கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருப்பதால் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. விசா வாங்க வேண்டும். அதுதவிர, வருகை அட்டையை இணையத்தில், போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

டிக்கெட்டைப் பிள்ளைகள் இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடட்டும். தேதி குறித்த டிக்கெட் அது. நெரிசலான இரவுக்கு ஒரு விலை, நெரிசல் குறைந்த இரவுக்கு ஒரு விலை. வெள்ளி, சனியை விட்டுவிட்டு, அக்டோபரின் முதல் பாதியில் மற்ற ஓர் இரவைத் தேர்ந்தெடுங்கள். 31 நெருங்க நெருங்கக் கூட்டம் ஏறும். வரிசையைத் தாண்டிப் போக எக்ஸ்பிரஸ் என்று தனி டிக்கெட் விற்கிறார்கள். விலை அதிகம். இளைஞர்களுக்கு அது வேண்டியதில்லை. முட்டிவலி உள்ள பெரியவர் ஒருவர் கூட இருந்தால் நான் தயங்காமல் வாங்கச் சொல்வேன், ஏனென்றால் இந்த இரவின் களைப்பு பேயிடமிருந்து வருவதைவிட நின்றுகொண்டே இருப்பதிலிருந்துதான் அதிகம் வருகிறது. மணிக்கணக்கில் நின்று சில நிமிடங்கள் நடக்கிறோம்.

எந்த நாளில் போவது என்பதற்கு நான் கண்ட ஒரு வழியைச் சொல்கிறேன். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே இருக்கிறது. அங்கே நள்ளிரவு என்றால் நம் உடம்புக்கு ஒன்பதரை மணி. தோட்டத்தில் வேலை பார்த்து, சங்கு ஊதும் நேரத்துக்கு எழுந்தே பழகியவர்கள் இரவு பத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க மாட்டோம். ஆகையால் போய்ச் சேர்ந்த இரண்டாம் இரவிலேயே போய்விடுங்கள். உடம்பு அந்த ஊர்க் கடிகாரத்துக்கு மாறுவதற்குள் முடித்துவிட்டால் நள்ளிரவு வரை விழிப்பாக இருக்கலாம். 2023இல் ஒரு வாரம் கழித்துப் போய்ப் பதினொரு மணிக்கே கண் சொருகியது. 2024இல் இரண்டாம் நாள் போனேன். கடைசிவரை தெளிவாக இருந்தேன்.

அன்றைய பகல்

மலைக்காரர்களுக்கு அங்கே உண்மையான எதிரி வெயில்கூட இல்லை, புழுக்கம். சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் அக்டோபர் மாலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அடுப்படியில் உட்காருகிறோம். செண்டோசாவில் இரவு எட்டு மணிக்கும் உடம்பில் வேர்வை வழியும். வெறும் வயிற்றோடு, அந்தப் புழுக்கத்தில், கூட்டத்தில், அசையாமல் நீண்ட நேரம் நின்றால் ரத்தம் காலில் தேங்கி, இதயத்துடிப்பு திடீரென்று தணிந்து, மயக்கம் வரும். பேயைக் கண்டு மயங்கினார் என்று சொல்லப்படுகிறவர்களில் பலர் இப்படி மயங்கியவர்கள்தான் என்பது என் கணிப்பு. நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், கெண்டைச் சதையை இறுக்கித் தளர்த்துங்கள். கண் இருட்டி, காது அடைத்தால் வெட்கப்படாமல் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். பக்கத்தில் ஒருவர் சாய்ந்தால் தூக்கி நிறுத்தாதீர்கள். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள்.

அன்று பகலில் ஊர் சுற்ற வேண்டாம். மதியம் ஒரு தூக்கம் போடுங்கள். ஐந்து மணிக்குச் சாப்பாடு. நாங்கள் லிட்டில் இந்தியா பகுதியில் தேக்கா பக்கம் தங்கியிருந்ததால் சிராங்கூன் சாலையில் இட்லியும் மோரும் சாப்பிட்டோம். எண்ணெய்ப் பலகாரமும் பிரியாணியும் அன்றைக்கு ஆகாது. அட்ரினலின் சுரந்தால் வயிறு தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். நிறைந்த வயிறு குமட்டும். என் தங்கை மகள் பக்கத்திலிருந்த வீரமாகாளியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டுத் திருநீறு வைத்துக்கொண்டாள். தீபாவளிக்காக அந்தச் சாலை முழுதும் விளக்கு அலங்காரம் எரிந்துகொண்டிருந்தது. அதை நின்று பார்க்க வேறு ஒரு மாலையை ஒதுக்குங்கள், அவ்வளவு அழகு. 2024இல் தீபாவளியே அக்டோபர் 31இல் வந்தது. ஒரே நாளில் அந்த ஊர் விளக்குக்கும் இருட்டுக்கும் சேர்த்து விழா எடுத்தது.

உடை பருத்தியாக இருக்கட்டும். சேலை வேண்டாம் என்பேன். குறுகிய இடைவழிகளில் முந்தானை மாட்டும், அலறி ஓடும் கூட்டத்தில் யாராவது மிதிப்பார்கள். சுடிதார் சரி, துப்பட்டாவை முடிந்துகொள்ளுங்கள். செருப்பு கூடாது, பின்பக்கம் பட்டை உள்ள காலணி வேண்டும். முகமூடி, பேய் வேடம் எதையும் போட்டுக்கொண்டு வரக் கூடாது என்று பூங்காவிலேயே விதி இருக்கிறது, யார் நடிகர், யார் பார்வையாளர் என்று குழம்பிவிடும் அல்லவா. திடீர் இடிமழை அங்கே வழக்கம். கூட்டத்தில் குடை மற்றவர் கண்ணைக் குத்தும். மடித்துவைக்கும் மழைக்கோட்டு எடுங்கள். மெல்லிய சால்வை ஒன்றும் இருக்கட்டும், ரயிலில் ஏசி கடுமையாக இருக்கிறது. பையில் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு, இன்ஹேலர். இதற்கு மேல் சுமக்காதீர்கள்.

வழி எளிது. லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்கு வழித்தட ரயிலில் ஏறினால் மாறாமல் ஹார்பர்ஃபிரண்ட் வரை போகலாம். நிலையப் பலகைகளில் தமிழும் இருப்பதைப் பார்த்து என் கண் நிறைந்தது. ஹார்பர்ஃபிரண்டின் மேலே விவோசிட்டி என்னும் கடைத்தொகுதி. அதன் மூன்றாம் தளத்தில் செண்டோசா எக்ஸ்பிரஸ் நிற்கும். தீவுக்குப் போக நான்கு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), திரும்பிவரக் கட்டணம் இல்லை. காற்று வாங்க விரும்பினால் கடலோரப் பாலத்தில் நடந்தும் போகலாம். நாங்கள் ஏழு மணிக்கு முன்பே போய் வாசலில் நின்றோம். அந்த மாதத்தில் அங்கே ஏழு மணியை ஒட்டித்தான் பொழுது சாய்கிறது, ஏழரைக்கு விழா தொடங்கியது.

உள்ளே

வாசல் திறந்ததும் கூட்டம் கண்ணில் படுகிற முதல் வீட்டு வரிசையில் போய் நிற்கும். நீங்கள் நிற்காமல் பூங்காவின் உள்கோடிக்கு நடந்து, அங்கிருக்கும் வீட்டிலிருந்து தொடங்குங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு வீடுகளாவது பார்த்துவிட்டால் பிறகு பதற்றம் இல்லை. நடுவில், வரிசைகள் மிக நீண்டிருக்கும் நேரத்தில், மேடை நிகழ்ச்சியைப் பாருங்கள், உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். வரிசைகள் சுருங்கும் கடைசி நேரத்துக்கு மீதியை வையுங்கள்.

வரிசையில் கடைசிப் பத்து நிமிடம் கைப்பேசியைப் பார்க்காதீர்கள். மலையில் இரவு நடந்தவர்களுக்கு இது தெரியும்: டார்ச்சை அணைத்துவிட்டுச் சற்று நேரம் நின்றால் பாதை தானாகத் துலங்கும். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகிறது. கைப்பேசி வெளிச்சம் ஒரு நொடியில் அதைக் கெடுத்துவிடும். பேய் வீட்டை அமைப்பவர்கள் இந்தக் கணக்கில் தேர்ந்தவர்கள். பளீரென்று ஒரு விளக்கைக் கண்ணில் அடித்துவிட்டு, அடுத்த அடியில் கும்மிருட்டுக்குள் விடுவார்கள். அங்கேதான் நடிகர் காத்திருப்பார்.

அவர்கள் வேலையின் இன்னொரு சூட்சுமம், இடப்பக்கம் ஒரு பொம்மை அசையும், கதவு தடதடக்கும். எல்லாரும் அதைப் பார்க்கும்போது வலப்பக்கச் சுவரின் பலகை விலகி ஆள் வெளியே பாய்வார். இது தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்று நினைக்கிறீர்களா? எனக்குப் போகவில்லை. தெரிந்திருந்தும் இரண்டாம் ஆண்டில் கத்தினேன். தோல்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னே ஆள் இருப்பது தெரிந்துதானே அழுகிறோம். அந்த நடிகர்கள் ஒரே பாய்ச்சலை இரவெல்லாம் நூற்றுக்கணக்கான முறை, அந்தப் புழுக்கத்தில், கனத்த ஒப்பனையோடு செய்கிறார்கள். அவர்கள் உங்களைத் தொட மாட்டார்கள். நீங்களும் தொடாதீர்கள், தள்ளாதீர்கள். அதிர்ச்சியில் கை தானாக ஓங்கும் பழக்கம் உள்ளவர்கள் இரு கையையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு நடப்பது நல்லது. உள்ளே படமும் காணொளியும் எடுக்கக் கூடாது.

முன்னே போகும் கூட்டத்தை ஒட்டியே போனால், அவர்கள் அலறுவதைப் பார்த்து எங்கே என்ன வரும் என்று தெரிந்துவிடும். நடிகரும் தன் மறைவிடத்துக்குத் திரும்பியிருக்க மாட்டார். நாலைந்து எட்டு இடைவெளி விட்டு நடந்தால் வீடு உங்களுக்காகவே திறப்பதுபோல் இருக்கும். ஆனால் நின்றுவிடாதீர்கள், பின்னால் வருகிறவர்கள் மோதுவார்கள். குறைவாகப் பயப்பட விரும்புகிறவரை நடுவில் விடுங்கள். திடமானவர் ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே. முன்னவருக்கும் கடைசி ஆளுக்கும்தான் பயத்தில் பங்கு அதிகம்.

இனி அந்தக் கதவைப் பற்றி. நாங்கள் நால்வர் போனோம்: மகள், மருமகன், தங்கை மகள், நான். தங்கை மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும், இரண்டு முறை அழுத்தினால் அடுத்த நொடியே வெளியேறுவோம், யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது, வெளியே வந்தபிறகும் அதைப் பற்றிச் சிரிக்கக் கூடாது என்று ரயிலிலேயே பேசிக்கொண்டோம். மருமகன் நல்ல பிள்ளை. "அத்தை, நான் முன்னே போகிறேன், அவள் அழுத்தினால் நானே ஊழியரைக் கூப்பிடுகிறேன்" என்றார். ஒவ்வொரு வீட்டினுள்ளும் கறுப்பு உடையில் ஊழியர்கள் ஆங்காங்கே நிற்கிறார்கள், கையில் சிறு விளக்கோடு. வேடம் இருக்காது. நடுவழியில் போக முடியவில்லை என்று அவர்களிடம் சொன்னால் பக்கக் கதவு வழியாக வெளியே விடுவார்கள். உள்ளே நுழைந்ததும் அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வதை வழக்கமாக்குங்கள்.

முதல் வீட்டின் மூன்றாம் அறையில் என் விரல்கள் நொறுங்குவதுபோல் அவள் அழுத்தினாள், இரண்டு முறை. மருமகன் கையை உயர்த்தினார். ஊழியப் பெண் ஒருவர் வந்து, திரைச்சீலையை விலக்கி, கதவைத் திறந்தார். வெளியே சாதாரண விளக்கு, சாதாரணச் சுவர், யாரோ குடித்துவைத்த தேநீர்க் கோப்பை. அவள் அந்தக் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "இவ்வளவுதானா பெரியம்மா, சொன்னவுடன் திறந்துவிட்டார்களே" என்றாள். தண்ணீர் குடித்தோம். இருபது நிமிடம் கடல் பக்கம் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவளே எழுந்து, "இன்னொரு முறை வரிசையில் நிற்கலாமா?" என்று கேட்டாள். அந்த வீட்டை முழுதாக நடந்து முடித்தாள். அன்றிரவு மேலும் இரண்டு. கடைசி வீட்டில் என் கையை விட்டுவிட்டு மருமகனுக்கும் முன்னால் போனாள்.

பேய்களைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் வீடுகள் ஆழமாகத் தெரியும். அங்குள்ளவற்றில் பல, ஆசியப் பேய்களை எடுத்துக்கொள்கின்றன. மலாய்க்காரர்களின் பொந்தியானாக் என்பவள் பிள்ளை வயிற்றோடு இறந்த பெண்ணின் ஆவி. நம் ஊரில் அப்படி இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நடுவார்கள். வழிப்போக்கர்கள் அதில் சுமையை இறக்கிவைத்தால் அவள் வயிற்றுப் பாரம் இறங்கும் என்று நம்பிக்கை. பிரசவம் பார்த்தவள் என்பதால் இரண்டையும் சேர்த்து நினைக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. தாயும் பிள்ளையும் சேர்ந்து போவதுதான் எங்கும் மனிதர்களால் தாங்க முடியாத சாவாக இருந்திருக்கிறது.

திரும்புவது

செண்டோசா எக்ஸ்பிரஸும் நகர ரயிலும் நள்ளிரவோடு நின்றுவிடும். விழா அதற்குப் பிறகும் நடக்கும் இரவுகள் உண்டு. ஆகவே பதினொன்றேகாலுக்கு வாசலை நோக்கி நடந்துவிடுங்கள், அல்லது டாக்சிக்குப் பணம் ஒதுக்குங்கள். நள்ளிரவு தாண்டினால் மீட்டர் டாக்சியில் பாதிக் கட்டணம் கூடுதலாகச் சேரும். ஐந்தாறு பேராகப் போகிறவர்கள் பெரிய வண்டியை முன்பே பேசிவைத்தால், களைத்துப்போன பெரியவர்கள் நடைபாதையில் நிற்க வேண்டி வராது.

வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் குளித்துவிட்டுச் சூடாகப் பால் குடியுங்கள். உடனே தூக்கம் வராது. உடம்பில் சுரந்தது அடங்கச் சற்று நேரம் பிடிக்கும். இளையவர்களைப் பேசவிடுங்கள். எந்த அறையில் எது பயமாக இருந்தது என்று அவர்களே மாற்றி மாற்றிச் சொல்லி முடிக்கட்டும். வராந்தா விளக்கு எரியட்டும். அடுத்த நாள் காலையில் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஊரிலிருந்து கொண்டுபோன வர்க்கியைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டு பதினொரு மணிவரை உட்கார்ந்திருந்தோம்.

மலைக்குத் திரும்பிய பிறகு ஓரிரு வாரம் இரவில் கழிவறைக்குத் துணை கேட்டால் போங்கள், பெரிய பிள்ளையாக இருந்தாலும். என் தங்கை மகள் தீபாவளி விடுமுறைக்கு எங்கள் வீட்டில் இருந்தாள். ஓர் இரவு பின்கதவைத் திறந்தபோது கேரட் பாத்தியின் ஓரத்தில் காட்டெருமை ஒன்று நின்றிருந்தது. அவள் என் கையைப் பிடித்து இரண்டு முறை அழுத்தினாள். நாங்கள் சத்தம் போடாமல் பின்வாங்கிக் கதவைச் சாத்திக்கொண்டு, அது போகும்வரை சமையலறையில் இருட்டில் உட்கார்ந்திருந்தோம்.